பின்பக்கத்துச் சாரம்

விடிந்தும் விடியாத நேரத்தில் இரும்பு பைப்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொண்டு வரும். இரவெல்லாம் பனியில் கிடந்த பைப். உள்ளங்கை காய்த்துப்போனவர்களுக்கே முதல் பைப்பைத் தோளில் ஏற்றும்போது உடம்பு ஒருமுறை உதறும். அப்புறம் கீழே நிற்பவன் தூக்கிக் கொடுக்க, நடுவில் நிற்பவன் வாங்கிக் கொடுக்க, மேலே நிற்பவன் கிளாம்ப் மாட்டி ஸ்பேனரால் முறுக்க, சாரம் ஒரு மாடி ஏறுவதற்குள் அத்தனை பேர் சட்டையும் முதுகோடு ஒட்டிவிடும்.

அந்தக் கட்டடத்தின் முன்பக்கச் சுவருக்குப் பூச்சு வேலை எடுத்திருந்தவனை எல்லோரும் இரும்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவன் மனைவிக்கே பாதி மறந்திருக்கும். அங்கே சப் காண்ட்ராக்ட் எடுத்தவர்களில் சொந்தமாக இரும்புச் சாரம் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் மரக்கம்பும் கயிறும் கட்டி ஏறிக்கொண்டிருந்தபோது வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒவ்வொரு பைப்பாகச் சேர்த்தான். அதனால் அந்தப் பெயர். இன்னொரு காரணமும் சொல்வார்கள், ஆனால் அவன் காதுபடச் சொல்ல மாட்டார்கள்.

பின்பக்கச் சுவர் சட்டியக்காவுடையது. தலையில் சாந்துச் சட்டி சுமந்து வேலைக்கு வந்தவள், பார்த்துப் பார்த்தே பூச்சுக் கரண்டி பிடிக்கக் கற்று, புருஷன் போன பிறகு தானே ஆள் சேர்த்து மேஸ்திரியானாள். மேஸ்திரியான பிறகும் பெயரில் சட்டி இறங்கவில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் பழைய மரக்கம்புகள், கயிறு, நாலைந்து பலகை, அப்புறம் அவளை நம்பி வந்த ஆட்கள். அதில் ஒருவன் அவளுடைய கொழுந்தன் நெட்டையன். ஏணி இல்லாமலே ஜன்னல் மேல்விளிம்பைத் தொடுகிற உயரம். வாய் அதைவிட நீளம்.

வேலை ஆரம்பித்த அன்றே முதலாளி இருவரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதான். யார் முதல்ல முடிக்கிறீங்களோ, அடுத்த கட்டடம் முழுசும் அவங்களுக்கு. ஒரே ஒரு விஷயம். அவங்கவங்க சாமானை வெச்சு அவங்கவங்க வேலை. ஒருத்தர் சாமானை ஒருத்தர் தொடறது, அப்புறம் ஒடஞ்சது காணோம்னு என்கிட்ட பஞ்சாயத்துக்கு வர்றது, அதெல்லாம் கூடாது."

அந்த வார்த்தை கட்டடம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. கலவை மெஷின் வைத்திருந்தவர் தன் வேலை முடிந்ததும் அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். பக்கத்திலேயே சட்டியக்காவின் ஆட்கள் மண்வெட்டியால் கலவை புரட்டினார்கள். உயரத்தில் ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற பாதுகாப்பு பெல்ட், கம்பி கட்டும் வேலை எடுத்த கம்பி மேஸ்திரியிடம் மட்டும்தான் இருந்தது. அவருடைய கம்பி வேலை முடியும் கட்டத்துக்கு வந்து, பெல்ட்டுகள் தகரப் பெட்டிக்குள் தூங்கின. முன்பக்கச் சாரம் உச்சிவரை ஏறிய பிறகு மிஞ்சிய பைப்புகளையும் பலகைகளையும் இரும்பு சுவரோரமாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினான்.

நெட்டையன் அந்தப் பக்கமாகத் தண்ணீர் பிடிக்க வந்தவன், குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தார்ப்பாயை எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, பைப்புக்கு மாப்பிள்ளை பாத்திருக்கீங்களா? இப்படி முகத்தை மூடி உக்கார வெச்சிருக்கீங்க!"

ஆட்கள் சிரித்தார்கள். இரும்புக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "போடா, போய் உன் குச்சியைப் பாரு" என்றான்.

அன்று தேநீர் வேளையில் சட்டியக்கா வந்தாள். கை காய்ந்த சாந்தில் வெளுத்திருந்தது. அவள் சுற்றி வளைக்கிறவள் இல்லை.

"அண்ணே, மேல்மாடிக்குப் போயாச்சு. கம்பு அவ்வளவு உயரத்துக்குத் தாங்காது போல இருக்கு. உங்க தார்ப்பாய்க்குள்ள இருக்கறதைக் கொஞ்ச நாளைக்குக் குடுங்க. மேல்மாடி முடிஞ்சதும் நானே அடுக்கி வெச்சுடறேன்."

டம்ளரில் இருந்து இரும்பு கண்ணை எடுக்கவில்லை.

"போன வேலையில ரெண்டு பலகை வாங்கிட்டுப் போனீங்க. சிமெண்ட் அப்பி, விளிம்பு பேந்து திரும்பி வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

"அது தப்புதான். இந்தத் தடவை கழுவிக் குடுக்கறேன்."

"வேண்டாம்க்கா. முதலாளி சொன்னதைக் கேட்டீங்கல்ல? அவங்கவங்க சாமான் அவங்கவங்களுக்கு."

"சும்மாதானேண்ணே கிடக்கு?"

"கிடக்கட்டும்."

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்திருந்தால் இன்னொரு தரம் கேட்டிருப்பாளோ என்னவோ. அவன் பார்க்கவில்லை. "சரிண்ணே" என்று போய்விட்டாள். போகிற வழியில் சூப்பர்வைசரிடம் அவள் ஏதோ சொல்வதும், அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "அதெல்லாம் உங்க ஏற்பாடும்மா. வீடு வாங்க வர்றவங்க பாக்க வராங்க, பின்பக்கம் முடிஞ்சாகணும்" என்பதும் இரும்பின் காதில் விழுந்தது. விழாத மாதிரி மிச்சத் தேநீரைக் குடித்தான்.

பலகையில் சிமெண்ட் அப்பியது உண்மை. ஆனால் அவன் மறுத்தது அதற்காக இல்லை என்று அவனுக்குத் தெரியும். பின்பக்கம் அவன் கணக்குப் போட்டதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. மரக்கம்பில் நின்றுகொண்டே இந்தப் போடு போடுகிறவர்களுக்கு இரும்புச் சாரமும் கொடுத்துவிட்டால் அடுத்த கட்டடம் யாருக்கு? அந்த எண்ணம் அவன் நெஞ்சுக்குள்தான் இருந்தது. வெளியே சிமெண்ட் அப்பிய பலகைதான் பேசியது.

மறுநாள் வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். இரும்பு முன்பக்கத்து உச்சியில் நின்று மட்டப்பலகையால் பூச்சைச் சமன் செய்துகொண்டிருந்தான். பின்பக்கத்தில் இருந்து மரம் முறிகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. அதைத் தொடர்ந்து மூட்டை விழுகிற மாதிரி ஒன்று. அதற்கப்புறம் கட்டடத்தில் ஒரு கரண்டி ஓசைகூட இல்லை. அந்த அமைதியைத்தான் அவன் பிறகு எத்தனையோ முறை கேட்டான்.

ஒரு பெண் குரல் கிழிந்துகொண்டு எழுந்தபோது அவன் பாதி இறங்கியிருந்தான்.

பின்பக்கத்தில் மணல் குவியலின் ஓரமாக நெட்டையன் கிடந்தான். அவ்வளவு நீளமானவன், ஒரு பக்கம் மடங்கி, சின்னவனாகத் தெரிந்தான். கண் திறந்திருந்தது. சட்டியக்கா அவன் தலையை மடியில் எடுக்கக் குனிந்தாள். "தூக்காதீங்க, தூக்காதீங்கக்கா! முதுகு அடிபட்டிருக்கும். பலகை வேணும், பலகை கொண்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

சுற்றி நின்றவர்கள் முறிந்து கிடந்த கம்புகளையும் நைந்த பலகைகளையும் பார்த்தார்கள். இரும்பு ஓடினான். தார்ப்பாயை இழுத்து எறிந்தான். எதற்காக இத்தனை முடிச்சுப் போட்டோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது. நல்ல அகலமான, வழவழப்பான பலகையாக ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். நிற்பதற்குக் கொடுக்காத பலகையைப் படுப்பதற்குக் கொடுத்தான். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து நெட்டையனை அதில் சேர்த்துத் துண்டுகளால் கட்டினார்கள். வண்டியில் ஏற்றும்போது சட்டியக்கா பலகையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

சாயங்காலம் முதலாளி ஆளனுப்பினார். தளத்தின் மூலையில் தகரக் கூரை போட்ட ஆபீஸ். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேஜை மேல் கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்று, அட்டையில் செய்தது. அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் பூச்சு முடிந்து வண்ணமும் அடித்திருந்தார்கள்.

"உக்காரு, உக்காரு" என்றார் முதலாளி. இதுவரை அவனை அவர் உட்காரச் சொன்னதில்லை. "பாவம், அந்தப் பையன். உயிருக்கு ஒண்ணுமில்லையாம். இடுப்பு எலும்பும் காலும்தான்."

"இனிமே ஏற முடியுமாங்க?"

"அதெல்லாம் டாக்டருங்க பாத்துப்பாங்க. நீ கேளு. அந்தம்மாவை இனிமே உள்ள விடறதா இல்ல. குச்சியைக் கட்டி ஆளை ஏத்தினா இப்படித்தான் ஆகும். பின்பக்கமும் நீயே எடுத்துக்கோ. அடுத்த கட்டடமும் உனக்குத்தான், சொல்லிட்டேன்."

எதற்காக அவன் தார்ப்பாயைக் கட்டினானோ அது இப்போது மேஜைக்கு இந்தப் பக்கமாக நகர்ந்து வந்து அவன் முன்னால் நின்றது.

"உன் சாமானை நீ குடுக்கல பாரு, அதான் சரி. நான் சொன்னதை ஒழுங்காக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்" என்றார் முதலாளி. முதுகில் தட்டிக் கொடுக்கிற குரல். அந்தப் பாராட்டு அவனுக்கு முகத்தில் துப்பியது போல் இருந்தது. "ஒரே ஒரு விஷயம். விசாரிக்க ஆபீசருங்க வருவாங்க. அந்தம்மா நல்ல சாரம் வேணும்னு கேட்டாங்களான்னு கேப்பாங்க. யார்கிட்டயும் கேக்கலைன்னு சொல்லு. சூப்பர்வைசரும் அதையேதான் சொல்லுவார்."

"அவங்க கேட்டாங்களே."

"யாருக்குத் தெரியும்? உனக்கும் அவளுக்கும்தானே? கேட்டாங்க, நீ குடுக்கலைன்னு சொன்னா யாருக்கு அசிங்கம்? உனக்குத்தான். நான் உன்னைக் காப்பாத்தறேன்யா."

இரும்பு ஆமாம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டியதாக ஞாபகம். எந்தப் பக்கமாக ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. முதலாளி அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சேதி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அவன் கை கால் கழுவிவிட்டு வந்து, ஏதோ சாதாரணமாகச் சொல்வது போல், "பின்பக்க வேலையும் நமக்கே வந்துடுச்சு. அடுத்த கட்டடமும்தான்" என்றான்.

கத்தி நின்றது.

"அந்தக்கா உங்ககிட்ட சாரம் கேட்டாங்களாமே?"

"போன தடவை பலகையைக் கெடுத்துக் குடுத்தாங்க. உனக்குத் தெரியாதா?"

"நான் பலகையைக் கேக்கலையே. அவங்க கேட்டாங்களா, நீங்க குடுத்தீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

அவன் சுவரைப் பார்த்தான். வாடகை வீட்டுச் சுவர். யாரோ அவசரத்தில் பூசியது, ஒரு இடத்தில் மேடு, ஒரு இடத்தில் பள்ளம்.

"குடுக்கல."

அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவனைப் பார்க்காமலே, "அந்தச் சுவத்துல போய்க் கரண்டி வைக்க உங்களுக்குக் கை வருமாங்க?" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், எல்லாம் செய்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களை உள்ளே விடுகிற நேரத்துக்குப் போய் நின்றான். நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள், மருந்து நெடி. நெட்டையனின் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த உயரத்துக்குக் கட்டில் போதவில்லை. ஒரு ஸ்டூலை வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் இவனைப் பார்த்ததும் வாயோரம் கோணியது. சிரிப்புத்தான்.

"வாங்கண்ணே. உங்க பலகை நல்ல பலகைண்ணே. அவ்வளவு தூரம் வண்டி குதிச்சுக் குதிச்சு வந்துச்சு, முதுகுல ஒரு சிராய்ப்பு இல்லன்னா பாத்துக்குங்க."

அவன் குத்திக் காட்டவில்லை. மனதாரத்தான் சொன்னான். கட்டிலை ஒட்டி வந்து நின்றான் இரும்பு.

"வலிக்குதாடா?"

"ஊசி போட்டா வலிக்கல. கழிஞ்சதும் வலிக்குது. அண்ணி கண்ணுல தண்ணி விடாம பாத்துக்கறாங்க, அதைப் பாத்தாதான் எனக்கு வலிக்குது." அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் மறுபடி ஏறுவேனாண்ணே? இங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

இரும்பு குனிந்து போர்வையைச் சரி செய்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

வெளியே நடைபாதை பெஞ்சில் சட்டியக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கம்பி மேஸ்திரி. இரும்பு அவள் முன்னால் போய் நின்றான். உட்காரத் தோன்றவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் பலகை கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்ல. அதுக்காக இல்ல. நீங்க என்னை முந்திடுவீங்கன்னுதான் குடுக்கல."

சட்டியக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சதாலதான் ரெண்டாந்தரம் கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லக்கூடாது என்று யோசித்தான். "குடுத்திருப்பேன்னு நினைக்கறேன். உங்க முகத்தைப் பாத்திருந்தா குடுத்திருப்பேன்."

"அப்ப அது என் ரோஷம். அந்தக் கம்பு ஆடுச்சுண்ணே. எனக்குத் தெரியும். நம்ம கொழுந்தன்தானே, பாத்து நிப்பான்னு ஏத்தி விட்டேன். அவன் விழுந்ததை நீங்க கேட்டீங்க. நான் பாத்தேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கம்பி மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அதிகம் பேசாத மனிதர். "பெட்டி நிறைய பெல்ட் கிடந்துச்சு" என்றார். "நீங்க யாரும் என்கிட்ட கேக்கல. நானும் வேணுமான்னு கேக்கல. அந்தப் பெட்டி மேலதான் தினமும் உக்காந்து சாப்பிடறேன்."

நர்ஸ் ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள்.

முதலாளி கூப்பிட்டதையும், பின்பக்க வேலையை நீட்டியதையும், என்ன சொல்லச் சொன்னார் என்பதையும் இரும்பு சொன்னான். தான் தலையாட்டியதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல, சட்டியக்காவின் முகத்தில் இருந்து அழுகை வடிந்து வேறொன்று ஏறியது.

"பாத்தீங்களா" என்றாள். "நீங்க உங்க குத்தம்ங்கறீங்க, நான் என் குத்தம்ங்கறேன், இவர் தன் குத்தம்ங்கறார். நம்ம மூணு பேருக்கும் ராத்திரி தூக்கம் இல்ல. நம்மளை ஓட்டப் பந்தயத்துல விட்டுட்டு, சாமானைத் தொடாதேன்னு சொன்ன மனுஷன் மட்டும் நல்லாத் தூங்கியிருக்கார். நம்ம குத்தம் நம்மகிட்ட இருக்கட்டும், அதை யாரும் பிடுங்க வேண்டாம். ஆனா அவர் பங்கை யார்ண்ணே சுமக்கறது? அதையும் நாமளேவா?"

"சொல்லுங்க. நான் என்ன செய்யணும்?"

"உங்களை மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. அது வரும்போது வரட்டும். நாளைக்குக் காலையில உங்க ஆளுங்களோட வாங்க. வேலைக்கு இல்ல."

தன் ஆட்களிடம் சொல்வதுதான் இரும்புக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மேஸ்திரி என்று இத்தனை காலம் நிமிர்ந்து நின்றவன், அவர்கள் முன்னால் நின்று, அக்கா கேட்டார்கள், நான் குடுக்கவில்லை, இதனால்தான் குடுக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒருவன் எழுந்து, "அடுத்த கட்டடம் போயிடுமே மேஸ்திரி, எங்க வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?" என்றான். நியாயமான கேள்விதான். சாந்து கலக்கும் பெண்களில் ஒருத்தி பதில் சொன்னாள்: "அந்தக் கட்டடத்துல விழப்போறது யாரு? நீயா நானா? அதை மட்டும் சொல்லிட்டு அடுப்பைப் பத்திப் பேசு." கேட்டவன் உட்கார்ந்துவிட்டான். எல்லோருக்கும் முழு மனசு இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் காலையில் எல்லோரும் வந்தார்கள்.

அவர்கள் முதலில் செய்தது சாமான்களை வெளியே எடுத்ததுதான். இரும்பின் பைப்புகளும் பலகைகளும் முற்றத்தில் வாசலை மறித்தாற்போல் வந்து விழுந்தன. கம்பி மேஸ்திரி தகரப் பெட்டியைத் திறந்து பெல்ட்டுகளை அதன் பக்கத்தில் பரப்பினார். கலவை மெஷின்காரர் கொஞ்ச நேரம் தயங்கினார். அந்த மெஷின் அவர் பிள்ளையைப் போல. பிறகு சங்கிலியைக் கழற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டியக்காவின் ஆட்கள் முறிந்த கம்புகளைக்கூடக் கொண்டுவந்து போட்டார்கள். எது யாருடையது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத குவியலாக அது வளர்ந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முதலாளியின் கார் வாசலில் நின்றது. அவர் இறங்கி, குவியலைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். கண் இரும்பிடம் வந்து நின்றது.

"என்னய்யா இது? சந்தை போட்டிருக்கீங்க?"

"வேலைக்கு ஏறலைங்க" என்றாள் சட்டியக்கா. "ரெண்டு பக்கமும் நல்ல சாரம் கட்டாம, ஏறுறவங்க இடுப்புல பெல்ட் இல்லாம, யாரும் ஏறப்போறதில்ல. ஆஸ்பத்திரியில கிடக்கறவன் எழுந்து நடக்கறவரைக்கும் அவன் செலவும் அவன் கூலியும் கம்பெனியோடது. எவரையும் வெளிய அனுப்பக்கூடாது."

"உன்னை உள்ளயே விடச் சொல்லலையே நான்! உன் குச்சியில இருந்து உன் ஆள் விழுந்தான். நான் ஏறச் சொன்னேனா?"

"சீக்கிரம் முடின்னு சொன்னீங்க."

"சீக்கிரம்னா விழுன்னு அர்த்தமா? நல்ல சாரம் வேணும்னு கேட்டிருக்கலாம்ல? யார்கிட்டயாவது கேட்டியா நீ?" அவர் இரும்பின் பக்கம் திரும்பினார். "சொல்லுய்யா. இவ உன்கிட்ட கேட்டாளா?"

இரும்பு எழுந்தான். நெட்டையனின் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வந்து ஓரமாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பட்டது.

"கேட்டாங்க. நான் குடுக்கல. இந்தப் பைப்பெல்லாம் சும்மாத்தான் கிடந்துச்சு. குடுத்திருந்தா அவன் விழுந்திருக்க மாட்டான்."

சொந்தக்காரர்களில் ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒருவன் முன்னால் பாய்ந்தான்; கம்பி மேஸ்திரி அவனைத் தோளோடு பிடித்துக்கொண்டார். இரும்பு பின்வாங்கவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றான்.

"கேட்டீங்களா எல்லாரும்?" என்றார் முதலாளி. "இவனே ஒத்துக்கறான். இதுல கம்பெனி எங்க வந்துச்சு?"

"அவங்கவங்க சாமான் அவங்கவங்களுக்குன்னு சொன்னது யாருங்க? முதல்ல முடிக்கறவனுக்கு அடுத்த கட்டடம்னு சொன்னது யாருங்க? சூப்பர்வைசர்கிட்டயும் அக்கா சொன்னாங்க. நான் என் காதால கேட்டேன். விசாரிக்க வர்றவங்ககிட்ட அத்தனையும் சொல்லுவேன். என்னைப் பத்தியும் சேத்துத்தான் சொல்லுவேன். அவங்க கேக்கவே இல்லைன்னு நீங்க சொல்லச் சொன்னதையும் சொல்லுவேன்."

சூப்பர்வைசர் வேறெங்கோ பார்த்தார். முதலாளியின் குரல் தணிந்தது. தணிந்தால் அது இன்னும் கெட்டது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"உனக்கு மூளை குழம்பிப் போச்சு. இந்த ஊர்ல இனிமே உனக்கு எந்தக் கட்டடமும் கிடையாது. சரி, உக்காருங்க. எவ்வளவு நாள் உக்காருவீங்கன்னு பாக்கறேன். ஆளுங்களா இல்ல? மதியத்துக்குள்ள லாரி வரும்."

கார் போய்விட்டது. கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை, கோஷமும் போடவில்லை. சொந்தக்காரப் பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இரும்பு அவளிடம் போக நினைத்தான். சட்டியக்கா கண்ணால் வேண்டாம் என்றாள். அவன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

வெயில் குவியலின் மேல் ஏறியது. பைப் தொட முடியாத அளவுக்குச் சூடானது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று கேட்டவன்தான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக எல்லோருக்கும் ஊற்றினான். யார் ஆள் என்று பார்க்கவில்லை.

சொன்னபடி லாரி வந்தது. பின்னால் ஆண்களும் பெண்களும் நின்றுகொண்டு வந்தார்கள். தலையில் துண்டு, கையில் சட்டி, கரண்டி, சுருட்டிய படுக்கை. வெகுதூரத்தில் இருந்து வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் புழுதி. வாசலை மறித்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் டிரைவர் ஹாரன் அடித்தான். யாரும் நகரவில்லை.

அவர்களுடைய மேஸ்திரி முன்பக்கத்தில் இருந்து குதித்து இறங்கினான். ஒல்லியான ஆள், கண்ணில் தூக்கம்.

"என்னண்ணே சமாச்சாரம்? வேலை இருக்குன்னு வரச் சொன்னாங்க. இங்க சண்டைன்னு யாரும் சொல்லலையே."

எல்லோரும் இரும்பைப் பார்த்தார்கள். அவன் எழுந்து லாரிக்குப் பக்கமாகப் போனான். கம்பெனி அநியாயம் செய்கிறது என்று ஆரம்பித்திருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவன் வாயில் வேறுதான் வந்தது.

"ஒருத்தங்க என்கிட்ட சாரம் கேட்டாங்க. நான் குடுக்கல" என்று தொடங்கினான். இதோடு எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. மனைவியிடம், சட்டியக்காவிடம், ஆட்களிடம், முதலாளியிடம். ஒரு தடவைகூட எளிதாக இல்லை. இப்போதும் பாதியில் நின்றான், பிறகு மிச்சத்தையும் சொன்னான். லாரியின் மேல் நின்றவர்கள் பக்கப் பலகையில் சாய்ந்துகொண்டு கேட்டார்கள்.

புது மேஸ்திரி அண்ணாந்து கட்டடத்தின் பின்பக்கத்தைப் பார்த்தான். கம்புகள் முறிந்த இடத்தில் சுவர் பாதிப் பூச்சோடு நின்றது.

"பிழைச்சுக்குவாரா?"

"உயிர் இருக்கு. நடப்பானான்னு தெரியல."

"நாங்களும் கம்புதாண்ணே கொண்டு வந்திருக்கோம்." அவன் லாரியைத் திரும்பிப் பார்த்தான். கம்புக் கட்டுகள் ஆட்களின் காலடியில் கிடந்தன. "திரும்பிப் போனா எங்களுக்கும் ஒண்ணுமில்ல. வண்டிக்காரனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"போன்னு நான் சொல்லல" என்றான் இரும்பு. "உள்ள போகாதீங்கன்னுதான் கேக்கறேன். உங்களுக்கும் சேத்துத்தான் உக்காந்திருக்கோம்."

புது மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டான். தன் ஆட்களில் வயதில் மூத்த பெண்ணைப் பார்த்தான். அவள் சட்டியைக் கீழே இருந்தவனிடம் நீட்டிவிட்டு, லாரியின் பின்பலகையைப் பிடித்துக் கால் வைத்து இறங்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி இறங்கினாள். இரண்டு பேர் இறங்காமல் மேலேயே நின்று தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். டிரைவர் என்ஜினை நிறுத்தவில்லை.

சட்டியக்கா தன் ஆட்களிடம், "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க" என்றாள். குவியலோரமாக நிழல் விழுந்த இடத்தில் உட்கார்ந்து, இரும்பு ஒருபக்கமாக நகர்ந்து இடம் விட்டான். புது மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.